‘எங்கே’ என்று கேட்காத வீடு

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளிக்கிட்டு வாசலில் நிற்கிறவரிடம் “எங்கை போறியள்?” என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பார்கள். கேட்டே ஆகவேண்டுமென்றால் “தூரமோ?” என்று கேட்கலாம். போகிறவர் “கிட்டத்தான்” என்பார். அந்தக் கிட்ட என்பது ஒழுங்கை முடக்கில் இருக்கிற கடையாகவும் இருக்கலாம், கொழும்பாகவும் இருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது எத்தனையோ சாமான்களை விட்டுவிட்டு வந்த நாங்கள், இந்த வழக்கத்தை மட்டும் உடையாமல் கொண்டுவந்து ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவின் நாலாம் மாடி வீடொன்றில் இறக்கிவைத்தோம்.

என் வேலையோ இதற்கு நேர்மாறானது. நான் பார்ணஹாகேயில், அதாவது சின்னப்பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் நிலையத்தில் வேலை செய்தேன். மழையோ பனியோ, பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போவோம். போகுமுன் வாசலில் தொங்குகிற வெள்ளைப் பலகையில் எழுதவேண்டும்: எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம். சேர்ந்த புதிதில் எனக்கு அது அபசகுனமாகவே பட்டது. போகிற இடத்தைச் சுவரில் எழுதிவிட்டுப் போனால் அந்தப் பயணம் உருப்படுமா? ஒரு வருடம் போகவில்லை, எழுதாமல் கேற்றைத் தாண்டுகிறவர்களை ஏசுகிற ஆளாக நானே மாறிவிட்டேன்.

வேலைத் தோழிகளோடு மலைக்கும் போகத் தொடங்கினேன். வரைபடம் பார்க்க, பனிப்புயலில் குழி வெட்டிக் குந்தியிருக்க, வானம் சரியில்லையென்றால் வெட்கப்படாமல் திரும்பிவரப் பழகினேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. இந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரி.

என் மனிசன் நிலக்கீழ் ரயில் ஓட்டுகிறவர். ட்வெய்ட்டா பக்கம் போகிற பாதையில்தான் பெரும்பாலும் ஓட்டுவார். ரயிலில் அவர் இருக்கும்போது அது எந்தச் சுரங்கத்தில் நிற்கிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். தரிப்பிடத்து மின்பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சனத்துக்கும் தெரியும். வேலை முடிந்து இறங்கினார் என்றால் ஆள் எங்கே என்று கட்டின பெண்சாதிக்குத் தெரியாது. சனிக்கிழமை காலையில் சப்பாத்தைக் கொழுவுவார். நான் “தூரமோ?” என்பேன். “கிட்டத்தான்” என்பார். பின்னேரம் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியின் பையோடு வந்து நிற்பார். அங்கேதான் போனார் என்பதைப் பையைப் பார்த்து நான் அறிந்துகொள்ள வேண்டும்.

மலைக்கும் காட்டுக்கும் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனேன். காட்டுக்குள் அவர் வரமாட்டார். ஒருதரம் இழுத்துக்கொண்டு போனேன். தேவதாரு மரங்களுக்கு நடுவில் நடக்கும்போது இரண்டு அடிக்கு ஒருதரம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கோப்பியை ஊற்றிக் கொடுத்தால் நின்றபடி குடித்தார். “மரமிருந்தா மறைப்பிருக்கும். மறைப்பிருந்தா ஆளிருக்கும்,” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இப்படிப்பட்ட ஆளுக்குப் பாலைவனம் பிடிக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்? ஒஸ்லோவில் இலையெல்லாம் உதிர்ந்து வானம் ஈயச்சட்டி மாதிரிக் கிடக்கிற காலத்தில், நோர்வேக்காரர் வெயிலுக்காக மொரோக்கோவுக்குப் பறப்பார்கள். நாங்களும் ஒருமுறை மலிவு விமானத்தில் போனோம். பிள்ளைகள் இல்லாத எங்களுக்கு விடுமுறை என்றால் இரண்டு பேர் கணக்குத்தான். கடற்கரையில் மூன்று நாள் படுத்துக்கிடந்து அலுத்தபின், ஜீப் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தெற்கே போனோம். கடைசி ஊரையும் தாண்டி ஒரு பெரிய கல்வெளி வந்தது. மணல்மேடு இல்லை, ஈச்சமரம் இல்லை, ஒரு பற்றை கூட இல்லை. கறுத்த சிறு கற்கள், அதற்கு மேலே வானம். மனிசன் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். ஒருமுறை சுற்றிவரப் பார்த்தார். பிறகு நிலத்தில் இருந்து, காலை நீட்டி, கையைப் பின்னால் ஊன்றிக்கொண்டார். கல்யாணம் கட்டி அத்தனை வருடத்தில் வெளியிடத்தில் அவர் அப்படிக் காலை நீட்டி இருந்ததை அன்றுதான் கண்டேன். எனக்கு அழுகை வந்தது. கற்கள் சுடுகுது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதன்பிறகு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் பாலைவனம்தான். காடு எனக்கு, வெளி அவருக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டோம். ஆனால் பாதுகாப்பு இரண்டு இடத்திலும் என் பொறுப்பு. புத்தகங்கள் எடுத்துப் படித்து, தெற்கில் நாங்கள் வழக்கமாகத் தங்குகிற விடுதிக்காரரிடமும் கேட்டுக் கேட்டுச் சட்டங்கள் போட்டேன். தேவைக்கு இரண்டு மடங்கு தண்ணீர். கூர்க்கல் வெளியில் மெதுவாகத்தான் ஓட்டம். வாகனம் நின்றுவிட்டால் அதைவிட்டு நடக்கக் கூடாது. அதன் நிழலிலேயே இருக்க வேண்டும், ஆளைவிட வாகனத்தைக் காண்பது சுலபம். முன்மூடியைத் திறந்துவைக்க வேண்டும், தூரத்தில் தூசி தெரிந்தால் கண்ணாடியை வெயிலுக்குப் பிடித்து மினுக்கிக் காட்ட வேண்டும். கடைசியாக, போகுமுன் யாரிடமாவது இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போகவேண்டும். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். கடைசிச் சட்டத்துக்கு மட்டும் “பாப்பம்” என்றார். எங்கள் பாஷையில் அதற்கு இல்லை என்று அர்த்தம்.

ஏன் இல்லை என்பதை இரண்டாம் பயணத்தில்தான் சொன்னார். அதே கல்வெளியில் இருந்து, பாணைப் பிய்த்து மீன் ரின்னுக்குள் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போலப் பலகைப் புராணம் தொடங்கினேன். எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

“அண்ணர் சொல்லிப்போட்டுத்தான் போனவர்,” என்றார்.

அவருடைய தமையன் ஒருவர் இல்லாமல் போனது எனக்குத் தெரியும். எப்படி என்று அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை. அன்று அவர் பாணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அம்மா வாசல்லை நிண்டு எங்கையெண்டு கேட்டவ. சிநேகிதன் வீட்டையெண்டு சொல்லிப்போட்டுச் சைக்கிள்ளை போனவர். பின்னேரம் பச்சை உடுப்போடை ஆமி நாலு பேர் ட்ரக்கிலை வந்தாங்கள். மரியாதையாத்தான் கேட்டவங்கள். ‘அம்மா, மகன் எங்கை?’ எண்டு. அம்மா சொல்லிப்போட்டா.”

அவ்வளவுதான். தமையன் திரும்பி வரவில்லை. என் மாமியார் அதன்பிறகு பிள்ளைகள் யாரிடமும் எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை, பிள்ளைகளும் சொன்னதில்லை. மற்றவர்களுக்கு அது சகுனம். அந்த வீட்டுக்கு அது காவல். நான் பலகையைப் பற்றிக் கதைப்பதை நிறுத்தினேன். ஆனாலும் எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. ஓரிடத்தில் உயிரைக் காத்த பழக்கம் இன்னோரிடத்தில் உயிரை எடுக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மூன்றாம் பயணம் ஒரு ஒக்டோபரில். அந்த வருடம் தெற்கில் வெயில் இன்னும் இறங்கவில்லை. விடுதிக்கு வந்த மறுநாளே எனக்கு வயிற்றைக் கலக்கத் தொடங்கியது. காலையில் கட்டிலில் சுருண்டு கிடந்தேன். மனிசன் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜீப் திறப்பை எடுத்தார்.

“தூரமோ?” என்றேன்.

“கிட்டத்தான். ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறன். நீர் படும்.”

“தண்ணி?”

“ரெண்டு போத்தில் கிடக்குது. காணும்.”

எழும்பி ஏச எனக்குத் தெம்பு இருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. சாப்பாடு என்றால் நேரத்துக்கு நிற்கிற மனிசன். கைத்தொலைபேசிக்கு எடுத்தேன்; தொடர்பு கிடைக்கவில்லை. அந்த வெளியில் ஒருநாளும் கிடைப்பதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு வயிறும் மண்ணாங்கட்டியும் என்று எழும்பி, விடுதிக்காரரைத் தேடிப் போனேன்.

விடுதிக்காரர் நல்ல மனிதர். அரைகுறை ஆங்கிலம் அவருக்கும், எனக்கும். அவர் பதறவில்லை, உடனே தன் வாகனத்துக்குத் தண்ணீரும் மாற்றுச் சில்லும் ஏற்றச் சொல்லிவிட்டு, எந்தப் பக்கம் போனார் என்று கேட்டார். தெரியாது என்றேன். எப்போது வருவதாகச் சொன்னார்? தெரியாது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். புருஷன்–பெண்சாதிக்குள் சண்டை என்று நினைத்திருப்பார். எனக்கு வந்த கோபத்துக்கு, மனிசன் அப்போது முன்னால் நின்றிருந்தால் நானே அடித்திருப்பேன்.

அங்கிருந்து மூன்று பக்கம் போகலாம். ஒரு பக்கம் மணல்மேடுகள். இன்னொரு பக்கம் காய்ந்த ஆறு, கரையில் ஈச்சமரங்களும் நிழலும். மூன்றாவது அந்தக் கல்வெளி. பொழுதுபடுவதற்குள் ஒரு பக்கம்தான் போய்த் தேடலாம் என்று விடுதிக்காரர் சொன்னார். இருட்டிவிட்டால் விடியும்வரை ஒன்றும் செய்ய முடியாது. வெளிநாட்டார் எல்லாரும் மணலுக்குத்தான் போவார்கள், அல்லது நிழலுக்கு. ஆகவே மணல்மேட்டுப் பக்கம் போவோம் என்றார்.

“இல்லை, கல்வெளிக்கு,” என்றேன்.

அங்கே ஒன்றுமில்லையே என்றார். ஒன்றுமில்லாதபடியால்தான் அங்கே போயிருப்பார் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. காவல்படைச் சாவடிக்குத் தொலைபேசி எடுத்தார். கதைத்து முடித்துவிட்டு, இரக்கத்தோடு என்னிடம் வந்தார். ரோந்து ட்ரக் மத்தியானம் கல்வெளியைக் கடந்துதான் வந்ததாம். அங்கே ஜீப்பும் இல்லை, ஆளும் இல்லையாம். சிக்கிக்கொண்ட மனிதன் ட்ரக்கைக் கண்டால் ஓடிவந்து மறிக்கமாட்டானா? ஆகவே அவர் அங்கே இல்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். “அந்த ட்ரக்கில் வருகிறவர்கள் என்ன நிறத்தில் உடுப்பு?”

பச்சை என்றார். தோளில் துவக்கும் உண்டு என்றார்.

அதோடு எனக்கிருந்த சந்தேகமும் போய்விட்டது. பச்சை உடுப்போடு ட்ரக் வந்தால் என் மனிசன் ஓடிவந்து மறிக்கமாட்டார். நிலத்தோடு நிலமாகப் படுப்பார். வாகனத்தையும் மறைப்பார். கண்ணாடியை மினுக்கிக் காட்டு என்று நான் படிப்பித்ததெல்லாம் அந்த ட்ரக் சத்தத்தில் பறந்துபோயிருக்கும். அவர் அங்கே இல்லை என்பதற்கு விடுதிக்காரர் சொன்ன அத்தாட்சியே எனக்கு அவர் அங்கேதான் இருக்கிறார் என்று சொன்னது. என் கணக்குப் பிழைத்தால் ஆள் உயிரோடு இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன்: “கல்வெளிக்கு விடுங்கோ. அவரை எனக்குத் தெரியும்.”

என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, மறுத்துக் கதைக்காமல் வாகனத்தில் ஏறினார். நான் அறைக்குள் ஓடிப்போய் என் பையிலிருந்து மஞ்சள் வெஸ்ட்டை எடுத்துக்கொண்டேன். காட்டுக்குப் போகும்போது பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் போடுகிற, வெளிச்சம் பட்டால் மினுங்குகிற அதே வெஸ்ட். எங்கே போனாலும் அது என் பைக்குள் இருக்கும். பாலைவனத்தில் உமக்கு எதற்கு இது, ஒட்டகம் வந்து இடிக்கும் என்று பயமோ என்று மனிசன் ஒவ்வொரு தரமும் பகிடி பண்ணுவார்.

கல்வெளியில் சில்லுத் தடம் விழாது. மெதுமெதுவாக ஓட்டிக்கொண்டு, மேடு கண்ட இடமெல்லாம் ஏறி நின்று பார்த்தோம். விடுதிக்காரர் கண்ணாடியின் மினுக்கத்தைத் தேடினார். நான் அவரிடம் மினுக்கத்தைத் தேடவேண்டாம், மினுங்காத எதையாவது தேடுங்கள் என்றேன். வெயில் சரிந்து எங்கள் நிழல் நீண்டுகொண்டே போனது. எனக்குள் பயம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

மூன்றாவது மேட்டிலிருந்து, தூரத்தில் மண்ணிறத்தில் கும்பலாக ஒன்று தெரிந்தது. பாறை என்றார் விடுதிக்காரர். பாறைக்குக் கீழே சில்லு இருக்காது என்றேன். அது எங்கள் ஜீப். மேலே பின்சீற்றில் நாங்கள் விரிக்கிற பழுப்புநிறப் போர்வை. கண்ணாடியெல்லாம் மூடிக் கட்டியிருந்தது.

விடுதிக்காரர் வேகத்தைக் கூட்டப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன். “நில்லுங்கோ. இஞ்சினை நிப்பாட்டுங்கோ. நீங்கள் இறங்கவேண்டாம்.” மனிசன் இன்னும் அந்தப் பயத்துக்குள்தான் இருப்பார் என்று எனக்குத் தெரியும். வாகனம் நெருங்க நெருங்க அவர் தள்ளித் தள்ளிப் போவார். நான் மஞ்சள் வெஸ்ட்டைப் போட்டு, முன்பக்கத்தை நன்றாக இழுத்துப் பூட்டிக்கொண்டு, தனியாக நடந்தேன். ஜீப்பின் கிட்ட யாரும் இல்லை. இரண்டு சில்லு காற்றுப்போய்க் கிடந்தன. மாற்றுச் சில்லு ஒன்றுதான் எங்களிடம் இருந்தது.

எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உயிர் போகிற நேரத்திலும் எனக்கு வாயில் வந்தது அதுதான்.

“இஞ்சாருங்கோ! நான்தான்! இஞ்சாருங்கோ!”

ஜீப்பிலிருந்து நல்ல தூரத்தில், ஒரு சின்னப் பள்ளத்திலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு தோள். முகமெல்லாம் தூசி, உதடு வெடித்திருந்தது. எழும்பி நிற்காமல் முழங்காலிலேயே இருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி தண்ணீர் இருக்கிறதா என்பதல்ல.

“உதிலை வேறை ஆர் இருக்கினம்?”

“விடுதிக்காரர் மட்டும்தான். ஆமி ஒருத்தரும் இல்லை.”

அதன்பிறகுதான் எழும்பினார். நான் போத்திலைக் கொடுத்தேன். குடிக்கக் குடிக்க ஏசினேன். ஒரு சொல் மிச்சம் வைக்காமல் ஏசினேன். ட்ரக் போனதாமே, மறிக்கேல்லையோ, உங்களுக்குப் புத்தி பிசகிப்போச்சோ என்று கேட்டேன்.

“சத்தம் கேட்டது. படுத்திட்டன்,” என்றார். “படுத்தாப்பிறகுதான் இது மொரோக்கோ எண்டு ஞாபகம் வந்தது. எழும்புவம் எண்டு பாத்தன். உடம்பு எழும்பேல்லை.”

அவர் முகத்துத் தூசியைக் கையால் துடைத்துவிட்டேன்.

“இருட்டினாப்பிறகு நடப்பம் எண்டு இருந்தனான்,” என்று ஒரு பக்கம் கையைக் காட்டினார். விடுதியும் ஊரும் மற்றப் பக்கத்தில் இருந்தன. அவர் காட்டிய பக்கத்தில் நாள் முழுக்க நடந்தாலும் ஒரு குடிசை இல்லை என்று பிறகு விடுதிக்காரர் சொன்னார். நான் மணல்மேட்டுக்குப் போகச் சம்மதித்திருந்தால், பொழுதுபட்டதும் இந்த மனிசன் எழும்பி அந்தப் பக்கம் நடந்திருப்பார். அந்த நினைப்பு எனக்கு இன்றைக்கும் ட்வெய்ட்டாவில் கடையில் சாமான் எடுத்துக்கொண்டு நிற்கும்போது திடீரென்று வரும். வந்தால் வண்டிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பேன்.

திரும்பும்போது அவர் என் மஞ்சள் வெஸ்ட்டின் ஓரத்தைப் பிடித்தபடியே வந்தார். காட்டில் என் பார்ணஹாகேப் பிள்ளைகள் அப்படித்தான் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். பகிடி ஒன்றும் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை.

ஒஸ்லோவுக்கு வந்தபின் நான் அவரிடம் எதையும் கேட்கவில்லை, பலகையைப் பற்றியும் பேசவில்லை. எதற்கும் வாய் காட்டுகிற எனக்கு இது பெரிய காரியம். இனிமேல் எங்கே போனாலும் கூடப்போவது, அல்லது போகவிடுவதில்லை என்று மனதுக்குள் முடிவுசெய்திருந்தேன்.

முதல் பனி விழுந்த ஒரு சனிக்கிழமை. நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். அவர் வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக் கொழுவினார். நான் தூரமோ என்று கூடக் கேட்கவில்லை. அவர் எழும்பி, யாக்கெற்றைப் போட்டு, கதவுப்பிடியில் கையை வைத்தபடி அப்படியே நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு, கதவைப் பார்த்துக்கொண்டே, போகிற இடத்தைச் சொன்னார். எந்த வழியால் போவார் என்று சொன்னார். எத்தனை மணிக்குத் திரும்பி வருவார் என்றும் சொன்னார். ரயிலில் அறிவிப்புச் செய்கிற குரல் இல்லை அது.

“சரி,” என்றேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

கதவு சாத்தியது. படியில் நாலு அடி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. திரும்பி ஏறி வந்தார். கதவு கொஞ்சம் திறந்து, தலை மட்டும் உள்ளே வந்தது. முகம் வெளிறிப்போய் இருந்தது.

“இஞ்சரும்,” என்றார், மெல்லிய குரலில். “ஆரும் வந்து கேட்டாச் சொல்லிப்போடாதையும்.”

வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். ஹொல்ம்லியாவில் நாலாம் மாடிக்கு ஏறிவந்து உங்களை ஆர் கேக்கப்போகினம் என்று பகிடி விட்டிருப்பேன். அன்று கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“சொல்லமாட்டன். ஆர் எவ்வளவு மரியாதையாக் கேட்டாலும் சொல்லமாட்டன்.”